சுருளைப் பிடித்திருக்கும் பலகையும் மரமும்

மழைக்காலத்து இரவு. காற்றில் முறிந்த தென்னை மட்டை ஒன்று, சப்ஸ்டேஷன் மதிலைத் தாண்டிய இடத்திலேயே 11 கேவி (11,000 வோல்ட்) கம்பிகள் மேல் குறுக்காக விழுகிறது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் யாராவது நின்றிருந்தால், ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும் அந்தப் பெரிய பெட்டி திடீரென்று உறுமுவது கேட்கும். அடுத்து பிரேக்கர் திறக்கும் சத்தம். ஊரில் பாதி இருண்டுவிடும். லைன் ஆட்கள் போய் மட்டையை எடுத்துப் போட்டதும் மின்சாரம் வந்துவிடும், பதிவேட்டில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான்.

அந்த உறுமல் நேரத்தில் பெட்டிக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மரை நாம் அசையும் பாகமே இல்லாத இயந்திரம் என்று படித்திருக்கிறோம். மோட்டாரோடு ஒப்பிட்டால் அது சரிதான். ஆனால் அதற்குள் இருக்கும் செம்புச் சுருள்கள் ஒவ்வொரு நொடியும் நகரப் பார்க்கின்றன. நகர விடாமல் அவற்றைப் பிடித்திருப்பது பெரும்பாலும் பிரஸ்போர்டு என்னும் அழுத்திய காகித அட்டையும், மரத்தாலான ஒரு வளையமும். இந்தப் பிடி தொழிற்சாலையில் சில மணி நேர வேலையில் அமைகிறது. அதன்பின் முப்பது, நாற்பது வருடம் எண்ணெய்க்குள் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. மின்சாரக் கோளாறு என்று எழுதப்படும் பல டிரான்ஸ்ஃபார்மர் சாவுகளுக்குப் பின்னால் இந்தப் பிடி தளர்ந்த கதை இருக்கிறது என்பது என் எண்ணம்.

அடி எங்கிருந்து வருகிறது

1820-இல் ஆம்பியர் காட்டியது இது: பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகளில் மின்னோட்டம் ஒரே திசையில் போனால் அவை ஒன்றையொன்று இழுக்கும், எதிரெதிர்த் திசையில் போனால் தள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் சுருள்கள் படும் பாடு முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடும்.

வழக்கமான டிரான்ஸ்ஃபார்மரில் இரும்புக் கோரின் நின்ற காலைச் சுற்றி முதலில் குறைந்த மின்னழுத்தச் சுருள், அதற்கு வெளியே ஓர் இடைவெளி விட்டு உயர் மின்னழுத்தச் சுருள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு டம்ளர்கள் மாதிரி. இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் சுற்றுகிறது. ஆகவே ஒன்றையொன்று தள்ளும். வெளிச் சுருள் இன்னும் வெளியே விரியப் பார்க்கும், உள்சுருள் கோரை நோக்கி நசுங்கப் பார்க்கும். அதே நேரத்தில் ஒரே சுருளின் சுற்றுகள் எல்லாவற்றிலும் மின்னோட்டம் ஒரே திசையில் போவதால், மேல் சுற்றும் கீழ்ச் சுற்றும் ஒன்றையொன்று இழுக்கும். சுருள் மேலும் கீழுமாக அமுங்கப் பார்க்கும்.

சாதாரண நாளில் இந்த விசை மிகச் சிறியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்களில் பரவலாக இருக்கும் 110/11 கேவி, 16 எம்விஏ திறன் கொண்ட டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். 11 கேவி பக்கம் முழுச் சுமையில் 840 ஆம்பியர் ஓடும். இரண்டு சுருள்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காந்தப்புலத்தின் உச்சம் 0.1 டெஸ்லா என்று வைத்துக்கொண்டால், சுருளின் மேல் விழும் அழுத்தம் 40 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவே.

இப்போது மதிலுக்கு வெளியே மூன்று ஃபேஸும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 10 சதவீதம் என்றால், மின்னோட்டம் பத்து மடங்காகி 8,400 ஆம்பியர் ஆகிறது. அதோடு முடியவில்லை. ஷார்ட் சர்க்யூட் எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து, முதல் அலை ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் உயரமாக எழும். மோசமான தருணத்தில் முதல் உச்சம் வழக்கமான உச்சத்தைப் போல 18 மடங்குக்குப் போய்விடும். மின்னோட்டம் ஏற ஏறக் காந்தப்புலமும் கூடவே ஏறுவதால், விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தில் வளரும். 18-இன் வர்க்கம் 324. வாளித் தண்ணீராக இருந்த அழுத்தம் 130 மீட்டர் ஆழக் கிணற்றின் அடியில் இருக்கும் அழுத்தமாகிவிடுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 13 கிலோ, சுருளின் உடம்பு முழுக்க.

இதெல்லாம் ஷார்ட் சர்க்யூட் தொடங்கிய 10 மில்லிசெகண்டுக்குள் நடந்துவிடும். கோளாறை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலே எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எவ்வளவு வேகமான பிரேக்கர் வைத்திருந்தாலும் மின்னோட்டத்தை அறுக்க அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். 11 கேவி ஃபீடர்களில், அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் லைன்களில், வேண்டுமென்றே காலதாமதம் வைத்திருப்பதால் இன்னும் கூடுதல். ஆகவே முதல் அடியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பாதுகாப்புக் கருவிகள் காப்பாற்றவே முடியாது. அந்த அடியைச் சுருளும் அதைப் பிடித்திருக்கும் அட்டையும் மரமும் தாங்கியே ஆக வேண்டும்.

உள்சுருளின் சங்கடம்

வெளிச் சுருளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. விரியப் பார்க்கும் வளையத்தில் செம்பு இழுபடும். இழுவிசையைச் செம்பு நன்றாகவே தாங்கும். எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு, தேவைக்கேற்ற கடினமான செம்பைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

சுருள் வட்டமாக இருக்கும்வரை இது உண்மை. தெருவில் நிற்கும் சில சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இடத்தையும் இரும்பையும் மிச்சம் பிடிக்கச் செவ்வகச் சுருள் வைக்கிறார்கள். செவ்வகத்துக்கு அடி விழுந்தால் அது வட்டமாகப் பார்க்கும், நீளப் பக்கங்கள் வெளியே உப்பும். அங்கே மட்டும் தனியாக முட்டுக் கொடுத்தாக வேண்டும்.

உள்சுருள் வேறு ரகம். அதைச் சுற்றிலுமிருந்து நசுக்குகிறார்கள். காலி எண்ணெய் டின்னை வெளியிலிருந்து அழுத்தினால் அது சீராகச் சிறிதாவதில்லை. ஓர் இடத்தில் உள்ளே குழிந்து, பக்கத்தில் வெளியே புடைக்கும். சுருளும் அப்படித்தான் நெளியும். செம்பின் வலிமைக்கு எட்டாத விசையிலேயே நெளிவு தொடங்கிவிடக்கூடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இதற்குப் பழைய வழி, உள்ளே முட்டுக் கொடுப்பது. உள்சுருளை ஒரு பிரஸ்போர்டு உருளையின் மேல், செங்குத்தாக ஒட்டிய அட்டைப் பட்டிகளின் மேல் சுற்றுவார்கள். உருளைக்கும் கோருக்கும் நடுவே மரக் குச்சிகளைச் செருகி இறுக்குவார்கள். விசை வந்தால் சுருள் பட்டியைத் தள்ளும், பட்டி உருளையைத் தள்ளும், உருளை குச்சியைத் தள்ளும், குச்சி இரும்புக் கோரின் மேல் சாயும். கோர் அசையாது. காகிதத்தில் வரைந்து பார்த்தால் அருமையான ஏற்பாடு.

நடைமுறையில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் காகிதமோ மரமோ. உலர்த்தும்போது சுருங்கும், எண்ணெயில் ஊறும்போது கொஞ்சம் மாறும், வருடக்கணக்கில் வெந்து மெலியும். எங்கோ ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால், அந்த இடத்தில் முட்டு இருந்தும் இல்லாத கதைதான். அதனால்தான் உள்முட்டை நம்பாமல், சுருள் தன் உடல்வலிமையிலேயே நிற்கும்படி வடிவமைக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முட்டு கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தன் வலிமையில் நிற்பதற்கு உதவியாக ஒரு நல்ல பொருளும் வந்திருக்கிறது. பல மெல்லிய செம்புப் பட்டைகளை ஒன்றன் இடத்துக்கு ஒன்று மாறிமாறி வரும்படி பின்னி, ஒரே கடத்தியாக்கும் முறை முன்பே உண்டு. தொழிற்சாலைகளில் அதைச் சிடிசி என்பார்கள். அந்தப் பட்டைகளின் மேல் எபாக்சிப் பூச்சு கொடுத்துவிட்டால், சுருளை உலர்த்தும் சூட்டிலேயே பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாகிவிடும். தனித்தனிச் சீவல்களாக இருந்தபோது வளைந்துகொடுத்தது, கட்டையானதும் வளைய மறுக்கிறது. தென்னங்கீற்று ஈர்க்கு ஒன்றையும், துடைப்பமாகக் கட்டிய ஈர்க்குகளையும் வளைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மேலும் கீழும்

சுருளை மேலும் கீழுமாக அழுத்திப் பிடிக்கும் ஏற்பாடுதான் கிளாம்ப். செங்குத்து விசைதான் கிளாம்ப் விஷயத்தின் உயிர்நாடி.

இரண்டு சுருள்களும் ஒரே உயரம், ஒரே மட்டம், ஆம்பியர் சுற்றுகள் (மின்னோட்டத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவு) உயரம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கின்றன என்றால், ஒவ்வொன்றும் தன் நடுவை நோக்கி அமுங்கும். அமுக்கத்தை நடுவில் உள்ள ஸ்பேசர்கள், அதாவது சுற்றுகளுக்கு நடுவே ஆரக்கால் மாதிரி வைத்திருக்கும் அட்டைத் துண்டுகள், தாங்கிக்கொள்ளும். மேலே உள்ள கிளாம்புக்குப் பெரிய வேலை இல்லை.

ஆனால் சீராக இருப்பதில்லை. உள்சுருள் வெளிச் சுருளைவிட ஐந்து மில்லிமீட்டர் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் போதும். எதிரெதிர் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால், தாழ்ந்தது இன்னும் தாழவும் உயர்ந்தது இன்னும் உயரவும் பார்க்கும். தவறு தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. டேப் சேஞ்சரும் இதே சிக்கலைக் கொண்டுவருகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க உயர் மின்னழுத்தச் சுருளில் சில சுற்றுகளை வெட்டிவிடும்போது, அந்த உயரத்தில் ஒரு பக்கம் மின்னோட்டம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. சமநிலை குலைந்து, பல டன் விசை சுருளின் முனையை யோக் (கோரின் கால்களை மேலும் கீழும் இணைக்கும் குறுக்குப் பகுதி) பக்கம் தள்ளும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் டேப் சுற்றுகளைத் தனிச் சுருளாக, உயரம் முழுக்கப் பரப்பிச் சுற்றுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களில் குறைந்த மின்னழுத்தப் பக்கத்தைக் கம்பிக்குப் பதில் அகலமான தகட்டால் சுற்றினால் இன்னொரு நன்மை: தகட்டுக்குள் மின்னோட்டம் தானே மேலும் கீழும் இடம் மாறி, எதிர்ச் சுருளுக்கு ஏற்றபடி பரவிக்கொள்ளும். செங்குத்துத் தள்ளல் வெகுவாகக் குறையும்.

இந்த விசையில் சுருள் எப்படியெல்லாம் கெடும் என்று பழுதான டிரான்ஸ்ஃபார்மர்களைத் திறந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். இரண்டு ஸ்பேசர்களுக்கு நடுவே செம்பு, சுமை ஏற்றிய பலகை போலத் தொய்ந்திருக்கும். நிமிர்ந்து நின்ற பட்டைகள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், நிறுத்தி வைத்த செங்கல் வரிசையில் ஒன்றைத் தள்ளிவிட்ட மாதிரி. சாய்ந்த பட்டையின் விளிம்பு காகித உறையைக் கிழிக்கும். அந்த ஒரு கிழிசலில் சுற்றுக்குச் சுற்று மின்பொறி பற்றிக்கொள்ளும். பரிசோதனை அறிக்கையில் "இன்சுலேஷன் ஃபெயிலியர்" என்று எழுதுவார்கள். கிழித்தது எது என்பது பெரும்பாலும் அறிக்கைக்கு வருவதில்லை.

பிடியின் உடற்கூறு

சுருளின் அடியில் ஒரு வளையம், மேலே ஒரு வளையம். பழைய வடிவங்களில் மேல் வளையம் எஃகால் இருந்தது. கோரைச் சுற்றி முழு வளையமாக எஃகை வைத்தால் அதுவே ஒரு சுற்றுச் சுருளாகி எரிந்துவிடும் என்பதால், ஓரிடத்தில் வெட்டி இன்சுலேஷன் வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் மெல்லிய மரத் தகடுகளைப் பிசினில் ஊறவைத்து, சூட்டில் அழுத்திய கனமான மரப்பலகை வளையம். கடையில் பெர்மாவுட் என்று கேட்டால் தருவார்கள். கனமான பிரஸ்போர்டிலும் செய்கிறார்கள். மரம் மின்சாரத்தைக் கடத்தாது, எண்ணெயை ஏற்றுக்கொள்ளும், எஃகுக்கு அருகே வரக்கூடிய அளவு அழுத்தம் தாங்கும். முழு வளையமாகவே வைத்துவிடலாம்.

இந்த மேல் வளையத்தை அழுத்துவது கோரின் யோக்கை இருபுறமும் பிடித்திருக்கும் எஃகுச் சட்டம். சட்டத்துக்கும் வளையத்துக்கும் நடுவே பிரஷர் ஸ்க்ரூக்கள், அல்லது ஹைட்ராலிக் ஜாக்கால் அழுத்திவிட்டு இடைவெளியில் செருகிய மரக் கட்டைகள். மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் பிரிந்து போகாமல் இருக்க, கோரின் காலை ஒட்டி இறங்கும் எஃகுத் தகடுகளோ டை ராடுகளோ இரண்டையும் கட்டியிருக்கும். சுருள் மேலே தள்ளினால் வளையம், கட்டை, சட்டம், தகடு என்று விசை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே வந்து தன்னைத்தானே தின்றுகொள்ளும். வெளியே தெரியும் டாங்குக்கு இந்த வகை டிரான்ஸ்ஃபார்மரில் இதில் பங்கில்லை, அது எண்ணெய்க்கான பாத்திரம் மட்டும். ஷெல் வகை என்று இன்னொரு குடும்பம் உண்டு. அதில் அப்பம் போன்ற தட்டைச் சுருள்களை நிறுத்தி வைத்து, டாங்கே அணைத்துப் பிடிக்கும்படி கட்டுவார்கள். இங்கே நான் பேசுவது முதல் குடும்பத்தைப் பற்றி.

எவ்வளவு இறுக்க வேண்டும்? ஸ்பேசர்களின் மேல் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2 முதல் 5 நியூட்டன் என்பது வழக்கத்தில் உள்ள அளவு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 50 கிலோ. சுருள் முழுவதும் சேர்த்தால் பல பத்து டன். ஏன் இவ்வளவு? ஷார்ட் சர்க்யூட்டில் வரும் விசை நொடிக்கு நூறு முறை வந்து வந்து போகும். முன்கூட்டிக் கொடுத்த இறுக்கம் அந்த விசையைவிட அதிகமாக இருந்தால், சுற்றுகள் ஸ்பேசரை விட்டு ஒருபோதும் பிரியாது. குறைவாக இருந்தால் ஒரு முடி அளவு இடைவெளி திறக்கும். திறந்தது மூடும்போது செம்பு அட்டையின் மேல் சுத்தியலாக விழும். நொடிக்கு நூறு சுத்தியலடி.

இன்னொரு நுட்பமும் உண்டு. செம்பும் அட்டையும் மாறிமாறி அடுக்கிய சுருள் ஒரு கனத்த ஸ்பிரிங் மாதிரி. எந்த ஸ்பிரிங்குக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் இருக்கும். பிரஸ்போர்டை அழுத்த அழுத்த விறைப்பு கூடும், தளர்த்தினால் குறையும். இறுக்கம் குறைந்த சுருளின் இயல்பான அதிர்வெண் இறங்கி 100 ஹெர்ட்ஸ் பக்கமோ 50 ஹெர்ட்ஸ் பக்கமோ வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல ஒவ்வொரு அலையும் அதிர்வை வளர்க்கும். ஆகவே பிடி தளர்ந்த டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு விதத்தில் நலிந்தது. தாங்கும் சக்தி குறைந்தது ஒன்று, தாங்க வேண்டிய விசை கூடியது இன்னொன்று.

வண்டிச் சக்கரமும் பிரஸ்போர்டும்

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின் மேல் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கிய இரும்பு மரத்தைக் கடித்துப் பிடிக்கும். முன்கூட்டி இறுக்குவது என்றால் இதுதான். கோடை வந்ததும் மரம் காய்ந்து சுருங்கும், பட்டை ஆடத் தொடங்கும். வண்டியைக் குளத்தில் இறக்கி நிறுத்துவார்கள். மரம் தண்ணீர் குடித்து ஊறினால் பட்டை மறுபடி இறுகும்.

டிரான்ஸ்ஃபார்மரிலும் இரும்புச் சட்டம் மரத்தையும் அட்டையையும் கடித்துப் பிடிக்கிறது. அதே மாதிரி காய்ந்தால் தளரும். ஒரு வித்தியாசம், இங்கே குளத்தில் இறக்க முடியாது. தண்ணீர்தான் டிரான்ஸ்ஃபார்மருக்கு முதல் எதிரி. ஆகவே சுருங்க வேண்டியதையெல்லாம் தொழிற்சாலையிலேயே சுருக்கி முடித்துவிட்டு இறுக்க வேண்டும்.

காற்றில் கிடக்கும் பிரஸ்போர்டு தன் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை ஈரம் வைத்திருக்கும். அதை 0.5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும். ஈரம் போகும்போது அட்டை மெலியும். நூறு தட்டுகள் அடுக்கிய சுருளில் 99 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் உள்ள ஸ்பேசர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மெலிந்தால் போதும், சுருள் மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் குள்ளமாகிவிடும். அதனால் சுருளை அழுத்தத்தின் கீழ் வைத்து உலர்த்தி, மறுபடி அழுத்தி, உயரம் மேற்கொண்டு குறையாது என்ற நிலை வரும்வரை பக்குவப்படுத்துவார்கள். அப்புறம் உயரத்தை அளந்து, வரைபடம் சொல்லும் அளவுக்கு அட்டைகளைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்வார்கள்.

இந்த அளவெடுப்பில்தான் வேலைக்காரரின் கை தெரியும். ஒரு ஃபேஸில் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு சுருள்கள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, எல்லாம் ஒரே மர வளையத்தின் கீழ் நிற்கும். நாலு பேர் தோள் கொடுத்துப் பல்லக்குத் தூக்கும்போது ஒருவர் மட்டும் உயரமாக இருந்தால் சுமை முழுக்க அவர் தோளில்தான் விழும். இரண்டு மில்லிமீட்டர் உயரமான சுருள் கிளாம்பின் அழுத்தத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும், பக்கத்துச் சுருள் தளர்வாகவே நிற்கும். ஸ்க்ரூ இறுக்கியாகிவிட்டது, டார்க் (திருகும் விசை) அளவு சரியாக வந்துவிட்டது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு சுருள் பிடியே இல்லாமல் எண்ணெய்க்குள் போயிருக்கும்.

கடைசி உலர்த்தல் முடிந்து அடுப்பிலிருந்து வெளியே வந்ததும் நேரம் ஓடத் தொடங்கும். வறண்ட அட்டை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சில மணி நேரத்துக்குள் ஜாக் வைத்து முழு அழுத்தம் கொடுத்து, கட்டைகளைச் செருகி, ஸ்க்ரூக்களைப் பூட்டி, சுருளிலிருந்து வெளியே வரும் லீடுகளைப் பிடித்திருக்கும் மரச் சட்டங்களின் நட்டுகளைச் சரிபார்த்து, டாங்குக்குள் இறக்கி வெற்றிடமாக்கிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கான பிடி அந்தச் சில மணி நேரத்தில் முடிவாகிறது.

அப்புறம் வருடங்கள் போகும். சூட்டிலும் ஈரத்திலும் காகிதத்தின் செல்லுலோஸ் சங்கிலிகள் அறுபடும். புதுக் காகிதத்தில் ஒரு சங்கிலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். 200-க்கு வந்துவிட்டால் காகிதத்தின் ஆயுள் முடிந்தது என்பது பொதுவான கணக்கு. அதுவரை மின்சாரத்தைத் தடுக்கும் வேலையை அது ஓரளவு செய்துகொண்டேதான் இருக்கும், கைவிட்டுப் போவது இழுத்தால் கிழியாத வலிமை. கூடவே அட்டை மெலிந்து பிடியும் தளர்ந்திருக்கும். இந்த முப்பது வருடத்தில் வெளியே மின்கட்டமைப்பு வளர்ந்திருக்கும். புதிய மின்நிலையங்கள், புதிய லைன்கள் சேரச் சேர, ஷார்ட் சர்க்யூட்டில் பாயும் மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். டிரான்ஸ்ஃபார்மர் மெலிகிறது, அதன் மேல் விழும் அடி கனக்கிறது.

எப்படித் தெரிந்துகொள்வது

புதிய டிரான்ஸ்ஃபார்மரைப் பொறுத்தவரை நேர்மையான வழி ஒன்றுதான்: வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்து அடித்துப் பார்ப்பது. ஐஇசி 60076-5 என்ற சர்வதேசத் தரநிலையும் அதை ஒட்டிய இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2026-இன் ஐந்தாம் பகுதியும் அந்தச் சோதனையை விவரிக்கின்றன. மூன்று ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்பது முறை அடி, ஃபேஸுக்கு மூன்று. 2,500 கேவிஏ வரை ஒவ்வொன்றும் அரை நொடி, அதற்கு மேல் கால் நொடி. முன்னும் பின்னும் ரியாக்டன்ஸை, அதாவது சுருள்களின் காந்தப்புலத்தால் மின்னோட்டத்துக்கு வரும் தடையை, அளப்பார்கள். சுருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் அளவு மாறினால் ரியாக்டன்ஸ் மாறும். உள்சுருள் நசுங்கியிருந்தால் இடைவெளி கூடி ரியாக்டன்ஸும் கூடும். வட்டச் சுருளுக்கு 100 எம்விஏ வரை 2 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம் என்பது பொறுத்துக்கொள்ளும் எல்லை. எல்லைக்குள் வந்தாலும் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படி அடிக்க ஒரு சிறு ஊரின் மின்சாரத்தைப் போலப் பல மடங்கு ஆற்றல் ஒரே நொடியில் வேண்டும் என்பதால் உலகத்திலேயே சில சோதனைச்சாலைகள்தான் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களைச் சோதிக்க முடியும். நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் உள்ள கெமா அவற்றில் பேர்பெற்றது. அங்கே சோதனைக்கு வந்த பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் ஏறத்தாழ நாலைந்தில் ஒன்று முதல் முறையில் தேறவில்லை என்று அவர்களே பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் சோதனைக்கு என்று தெரிந்தே கவனமாகச் செய்து அனுப்பியவை அவை. இந்தியாவில் 1960-இல் தொடங்கிய மத்திய மின்ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெங்களூருவிலும் போபாலிலும் இந்த வசதி உண்டு. இன்னும் பெரியவற்றுக்காக, என்டிபிசி, என்எச்பிசி, பவர்கிரிட், டிவிசி முதலிய அரசு மின்நிறுவனங்கள் சேர்ந்து 2009-இல் தொடங்கிய நிறுவனம் மத்தியப் பிரதேசத்தின் பீனாவில் சோதனைச்சாலை கட்டியது. மின்கட்டமைப்பிலிருந்தே நேரடியாக ஆற்றலை எடுத்து அடிக்கும் சோதனைச்சாலை அது.

ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் பிடி எப்படி இருக்கிறது என்று அறிவது இதைவிடக் கடினம். எண்ணெயில் கரைந்த வாயுக்களைப் பார்க்கும் சோதனை சூட்டையும் மின்பொறியையும் சொல்லும். சாய்ந்து நிற்கும் சுருள், பொறி பறக்கும் வரை வாயு எதையும் வெளியிடாது. இதற்கென்று வந்த சோதனை, சுருளின் ஒரு முனையில் சிறிய மின்னழுத்தத்தைப் பல அதிர்வெண்களில் கொடுத்து மறுமுனையில் என்ன வருகிறது என்று வரைந்து பார்ப்பது. எஸ்எஃப்ஆர்ஏ என்று சொல்வார்கள். 1978-இல் கனடாவின் ஒன்டாரியோ ஹைட்ரோவைச் சேர்ந்த டிக், எர்வன் இருவரும் இதை எழுதினார்கள். அதற்கு முன்பே போலந்தில் சிறு மின்துடிப்புகளை வைத்து இதே நோக்கத்தில் முயன்றிருந்தார்கள். சுருளின் வடிவம் மாறினால் கோட்டின் மேடு பள்ளம் இடம்மாறும். ஆனால் ஒப்பிட, புதிதாக இருந்தபோது எடுத்த கோடு கையில் வேண்டும். குழந்தை பிறந்த நேரத்தைக் குறித்து வைக்காமல் பின்னாளில் ஜாதகம் கணிக்க முடியாதே, அது மாதிரி. பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றுக்கு அந்த முதல் கோடு இல்லை. மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஓரளவு ஊகிக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்தச் சோதனை வடிவம் மாறியதைக் காட்டும். பிடி தளர்ந்தும் வடிவம் இன்னும் மாறாத சுருளை, அதாவது அடுத்த அடிக்காகக் காத்திருக்கும் சுருளை, இது உறுதியாகக் காட்டிக்கொடுக்காது.

தளர்ந்ததைத் திரும்ப இறுக்க முடியுமா? பிரஷர் ஸ்க்ரூ உள்ள பழைய வடிவங்களில் எண்ணெயை வடித்துவிட்டு இறங்கி இறுக்குவது உண்டு. இருபது வருடத்துக்கு உட்பட்ட, காகிதம் நல்ல நிலையில் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு அது நல்லது. அப்பளம் போல நொறுங்கும் காகிதத்தின் மேல் புதுப் பலத்தைக் காட்டினால், ஷார்ட் சர்க்யூட் செய்திருக்க வேண்டிய வேலையை ஸ்பேனர் செய்துவிடும். காகிதம் சிதையும்போது எண்ணெயில் கலக்கும் ஃபியூரான் என்ற பொருளின் அளவைப் பார்த்து, காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

ஆகவே நடைமுறையில் நம் கையில் எஞ்சுவது அடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. சப்ஸ்டேஷனிலிருந்து முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் ஆபத்தான பகுதி. தூரம் போகப் போக லைனின் இம்பீடன்ஸ் சேர்ந்து மின்னோட்டம் வெகுவாக இறங்கிவிடும். அந்த முதல் தொலைவில் மரக்கிளை வெட்டுவதற்கும் இன்சுலேட்டர் மாற்றுவதற்கும் மற்ற இடங்களைவிட முன்னுரிமை கொடுக்கலாம். முடிந்தால் அங்கே மட்டும் கேபிள் போடலாம். அப்புறம் டெஸ்ட் சார்ஜ். ஃபீடர் டிரிப் ஆனதும் பார்க்காமல் ஒரு முறை, நிற்கவில்லையென்றால் இன்னொரு முறை, அதற்கப்புறம் நடுவில் லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்ச்சைத் திறந்து இன்னொரு முறை என்று சார்ஜ் செய்வது பல இடங்களில் பழக்கம். மட்டை அங்கேயே கிடந்தால் ஒவ்வொரு சார்ஜும் புதிதாக ஓர் அடி. மின்சாரம் இல்லாமல் மக்கள் காத்திருக்கும்போது ஆபரேட்டர் மேல் உள்ள நெருக்கடி எனக்குப் புரிகிறது, அவரைக் குறை சொல்லவில்லை. ரிலே காட்டிய மின்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, பெரிய அளவாக இருந்தால் லைனைச் சுற்றிப் பார்க்காமல் சார்ஜ் செய்யாதே என்று எழுத்தில் ஓர் உத்தரவு இருந்தால் அந்த நெருக்கடி அவர் தலையிலிருந்து இறங்கிவிடும்.

இன்றைய நியூமரிக்கல் ரிலேக்கள் ஒவ்வொரு ஃபால்ட்டின் மின்னோட்டத்தையும் எத்தனை நேரம் ஓடியது என்பதையும் பதிந்து வைக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பாய்ந்த ஃபால்ட்டுகளை ஃபேஸ்வாரியாகக் கூட்டிக்கொண்டே வரும் வசதியும் சிலவற்றில் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப்பைச் செருகி அந்தப் பட்டியலை இறக்கி, டிரான்ஸ்ஃபார்மரின் வரலாற்றுப் பதிவேட்டில் எண்ணெய்ச் சோதனை முடிவுகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், எந்த ஃபேஸ் அதிக அடி வாங்கியிருக்கிறது, எஸ்எஃப்ஆர்ஏ எடுக்க எதை முதலில் நிறுத்த வேண்டும் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.